கல்யாணப் பத்திரிகைத் துணியில் ஒரு பிளாங்டன் வலை

பிளாங்டன், அதாவது தண்ணீரின் ஓட்டத்தோடு மிதந்து போகும் சிற்றுயிர்கள், பிடிக்கிற வலையில் காசைத் தின்பது துணி ஒன்றுதான். வளையம், கயிறு, அடியில் தொங்கும் குப்பி எல்லாம் தூத்துக்குடியில் இரும்புக்கடையிலும் வலைக்கடையிலும் கிடைத்துவிடும். கண்ணி அளவு ஒரே சீராக, மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கணக்கில் நெய்த துணிதான் சிக்கல். ஆய்வகச் சாமான் பட்டியலில் அதன் விலையைப் பார்த்தால், எங்கள் பள்ளி உயிரியல் ஆய்வகத்துக்கு ஓராண்டுக்கு வரும் பணம் அந்த ஒரு வரியிலேயே முடிந்துவிடும். கடல் பள்ளி வாசலிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்கிறது. நுண்ணோக்கி இரண்டு இருக்கிறது. நடுவில் தேவைப்பட்டது ஒரு வலை.

அதே துணியை வேறொரு தொழிலில் மீட்டர் கணக்கில் வெட்டி விற்கிறார்கள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கல்யாணப் பத்திரிகையும் பனியனும் அச்சடிக்கும் ஸ்கிரீன் பிரிண்டிங் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிற துணி அது. இரண்டுக்கும் பூர்வீகம் ஒன்றே. ஐரோப்பிய மாவு மில்களில் மாவு சலிக்க நெய்த பட்டுத்துணியைத்தான் அந்தக் காலத்துக் கடல் ஆராய்ச்சியாளர்களும் வாங்கி வலையாகத் தைத்தார்கள், அச்சுக்காரர்களும் வாங்கிச் சட்டத்தில் கட்டினார்கள். பிறகு பட்டு போய் நைலானும் பாலியஸ்டரும் வந்தன. ஆய்வக வலைகள் பெரும்பாலும் நைலான், அச்சுத்துணி பாலியஸ்டர். பாலியஸ்டர் கொஞ்சம் விறைப்பு. ஆனால் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, நனைந்தாலும் கண்ணி அளவு மாறாது. நமக்கு அது நல்லதுதான்.

கடையில் துணி கேட்கும்போது ஒரு குழப்பம் வரும். சிலர் ஒரு சென்டிமீட்டரில் எத்தனை இழை என்று எண் சொல்வார்கள், சிலர் ஒரு அங்குலத்தில் எத்தனை என்று. 43 என்பதும் 110 என்பதும் ஒரே துணியாக இருக்கலாம், 43-ஐ 2.54-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 110 வரும். எண்ணை மட்டும் நம்பி வாங்காமல் கையோடு ஒரு சிறு துண்டு கேட்டு வாங்கி வந்து நுண்ணோக்கியில் வைத்து எண்ணுங்கள். 4 மடங்கு பொருளருகு வில்லையில் எங்கள் நுண்ணோக்கியின் பார்வை வட்டம் நாலரை மில்லிமீட்டர். (கண்ணாடி அளவுகோலின் மில்லிமீட்டர் கோடுகளை அடியில் வைத்தால் இது தெரிந்துவிடும்.) அந்த வட்டத்துக்குள் பத்தொன்பது, இருபது இழை தெரிந்தால் அது 43 துணி. ஓர் இழையின் நடுவிலிருந்து அடுத்த இழையின் நடுவுக்கு 232 மைக்ரான். இழையின் தடிமன் 80 மைக்ரான் என்றால் மிச்சம் இருக்கும் ஓட்டை 150 சொச்சம்.

ஏன் 150? கடலில் விலங்குப் பிளாங்டன் பிடிக்க உலகெங்கும் பழக்கத்தில் உள்ள டபிள்யூபி-2 என்ற வலை 200 மைக்ரான் கண்ணி கொண்டது. டயாட்டம் போன்ற தாவரப் பிளாங்டனுக்கு 20 மைக்ரான் வரை போவார்கள். மாணவர்கள் கண்ணில் படவேண்டியவை கோப்பிபாட் என்ற இறால் இனத்துச் சிற்றுயிர், நண்டின் குட்டிப் பருவம், மீன்முட்டை, அம்புப்புழு போன்றவை. 150 இவற்றை விடாது. சங்கிலியாகக் கோத்துக்கொண்டு மிதக்கும் டயாட்டம்களிலும் கொஞ்சம் மாட்டும். முட்டையிலிருந்து வந்ததும் நாப்ளியஸ் என்று சொல்லப்படும் கோப்பிபாட் குஞ்சுகளில் பெரும்பாலானவை தப்பிவிடும். எந்தத் துணி எடுத்தாலும் ஏதோ ஒன்று தப்பும். எது தப்பும் என்று முன்கூட்டியே தெரிந்து எடுத்தால், "எங்கள் கடலில் அது இல்லை" என்று யாரும் ஆய்வேட்டில் எழுதமாட்டார்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிளாங்டன் வலை பிடிக்கிற கருவி என்பதைவிட அளக்கிற கருவி. பழைய வேட்டியைக் கட்டி இழுத்தாலும் ஏதாவது கிடைக்கும். பார்த்து வியக்கலாம், அதோடு சரி. இத்தனை கனமீட்டர் தண்ணீரில் இத்தனை என்று சொல்ல முடிந்தால்தான் இந்த மாதத்தையும் அடுத்த மாதத்தையும் ஒப்பிட முடியும். 1887-இல் பிளாங்டன் என்ற பெயரை வைத்த ஜெர்மானியர் விக்டர் ஹென்சனுக்கும் அந்தக் கவலைதான் இருந்தது. மீன்முட்டைகளை எண்ணிக் கடலில் மீன் எவ்வளவு என்று கணக்கிட முடியுமா என்று பார்த்தவர் அவர். கீழே உள்ள வெட்டு, தையல் எல்லாம் அந்த ஓர் எண் உண்மையாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான்.

வெட்டு

வாய் விட்டம் 30 செ.மீ. என்று வைத்துக்கொண்டேன். அதைவிடப் பெரிதானால் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளால் கையால் இழுக்க முடியாது. வாயின் பரப்பு 707 சதுர செ.மீ. இதை மனப்பாடம் செய்துவிடுங்கள், எல்லாக் கணக்கிலும் வரும்.

வலை எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு. துணியில் உள்ள ஓட்டைகளின் மொத்தப் பரப்பு, வாயின் பரப்பைப்போல் மூன்று மடங்குக்குக் குறையக்கூடாது. குறைந்தால் வாய் வழியே வந்த தண்ணீர் துணி வழியே வெளியேற முடியாமல் முட்டித் திரும்பும். வலை தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டு போகும், உயிரிகளும் விலகிப்போகும். பச்சைத் தண்ணீர் உள்ள கரையோரத்தில் மூன்றும் போதாது, ஐந்துக்கு மேல் வைப்பது நல்லது என்பார்கள். 43 துணியில் ஓட்டையின் பங்கு நூற்றுக்கு 42 தான். 150-ஐ 232-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் இது வரும்.

கூம்பின் சாய்வு நீளத்தை 120 செ.மீ. என்று எடுத்தால் ஒரு வசதி. துணியில் வெட்டவேண்டிய விசிறியின் கோணம் 360-ஐ 15-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் வருவது: 45 பாகை. சதுரத் தாளை மூலைவிட்டத்தில் ஒரு மடிப்பு மடித்தால் 45 பாகை கிடைத்துவிடும், கோணமானி வேண்டாம். உச்சிப்புள்ளியில் ஆணி அடித்து, 120 செ.மீ. நூல் கட்டிப் பென்சிலால் வளைவு போட்டோம். உச்சியிலிருந்து 30 செ.மீ. தள்ளி இன்னொரு வளைவு. அந்த 30 செ.மீ. முனையை வெட்டி எறிந்தால் அங்கே ஏழரை செ.மீ. விட்டத்தில் வாய் வரும். 75 மில்லிமீட்டர் பிவிசி குழாய் அதில் கச்சிதமாக உட்காரும். மிஞ்சிய துணியின் பரப்பு 5,300 சதுர செ.மீ. அதில் 42 விழுக்காடு, வாயின் பரப்பைப்போல் மூன்று மடங்குக்குச் சற்று மேல். தேர்ச்சி மதிப்பெண் மட்டும்தான், அதற்கு மேல் இல்லை. அதனால் இழுக்கும் தூரத்தைக் குறைவாக வைத்துக்கொள்ளவேண்டும் என்று அப்போதே எழுதிவைத்தேன்.

தையலுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை செ.மீ. விட்டு வெட்டுங்கள். கத்தரியால் வெட்டிய ஓரம் பிரியும். சூடான சால்டரிங் அயர்ன் முனையை ஓரத்தில் மெதுவாக ஓட்டினால் பாலியஸ்டர் உருகி இழை பிரியாமல் கட்டிக்கொள்ளும்.

தையல்

எங்கள் தெருத் தையல்காரர் ஜமுக்காளம்கூடத் தைத்துக் கொடுப்பவர். துணியை மிஷினில் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"டீச்சர், இது துணியா கண்ணாடியா? ஊசி பட்டா வழுக்கிட்டுப் போவுதே."

"அண்ணாச்சி, ஊசி ஓட்டை பெருசாச்சுன்னா நான் பிடிக்கிறது எல்லாம் அது வழியா ஓடிரும். இருக்கிறதுலயே மெல்லிசு ஊசி போடுங்க."

"மெல்லிசு ஊசி போட்டா நூலு மெல்லிசா இருக்கணும். நூலு மெல்லிசா இருந்தா கடல் தண்ணில நிக்குமா?"

அவர் கேட்டது சரியான கேள்வி. விடையும் அவரே சொன்னார்: ஜீன்ஸ் கால் தைப்பதுபோல் ஓரத்துக்குள் ஓரத்தை மடக்கி இரண்டு வரித் தையல். இழுவை நாலு மடிப்புத் துணியில் பரவிவிடும், நூல் மெல்லிசாக இருந்தாலும் தாங்கும். மடிப்பு வெளிப்பக்கம் இருக்கவேண்டும் என்று மட்டும் நான் சொன்னேன். உள்பக்கம் இருந்தால் அந்த மடிப்புக்குள் கோப்பிபாட் ஒதுங்கிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் வராது, அடுத்த மாதிரியில் வந்து நிற்கும்.

மேல்வாயில் வளையத்தைச் சுற்றிவர நாலு விரல் அகலத்துக்குக் கித்தான் பட்டை. வலைத்துணியை நேரடியாக வளையத்தில் மாட்டினால் உரசி உரசி அங்கேதான் முதலில் கிழியும். கீழ்வாயிலும் அதேபோல் ஒரு பட்டை. பிவிசி குழாயில் ஏற்றி, மோட்டார் ஹோஸுக்குப் போடுகிற ஸ்டீல் கிளிப்பால் இறுக்கியாகிவிட்டது.

வளையம் 6 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் கம்பி. கேட் செய்கிற பட்டறையில் 30 செ.மீ. உள்விட்டத்துக்கு வளைத்து ஒட்டுப்போட்டுத் தந்தார்கள். ஒட்டுப்போட்ட இடத்தில் பிசிறு நின்றால் கித்தானை அறுக்கும். அரம் போட்டு வழவழப்பாக்கச் சொல்லுங்கள். வளையத்தில் 120 பாகைக்கு ஒன்றாக மூன்று இடத்தில் கயிறு கட்டி ஒரே முடிச்சில் சேர்க்கவேண்டும். மூன்றும் ஒரே நீளம் இல்லாவிட்டால் வாய் சாய்ந்து ஓடும். சாய்ந்த வாய் 707 சதுர செ.மீ. ஆகாது, கணக்கு அங்கேயே கெட்டுப்போகும்.

குப்பிக்கு 75 மில்லிமீட்டர் பிவிசி துண்டு ஒரு சாண், அடியில் மூடி. பக்கவாட்டில் இரண்டு ஜன்னல் வெட்டி உள்பக்கமாக அதே துணியை ஒட்டினோம். பிவிசி பசை பாலியஸ்டரைப் பிடிக்காது. அரால்டைட் பிடிக்கும், ஆனால் பிவிசியை உப்புத்தாள் போட்டுச் சொரசொரப்பாக்கிவிட்டுத் தடவவேண்டும். ஜன்னலை அடிமூடியிலிருந்து மூன்று விரல் உயரத்துக்கு மேல்தான் வெட்டவேண்டும். அடியில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தங்கும், பிடிபட்டது உயிரோடு இருக்கும். உள்ளே சிக்கிய காற்று குப்பியை மேலே தூக்கும். ஈயக்குண்டு ஒன்றை அடியில் கட்டியதும் ஒழுங்காகத் தொங்கியது.

தையலில் கசிவு உண்டா என்று பார்க்க நான் யோசித்த வழி எனக்கே பிடித்திருந்தது. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தீவனத்துக்குப் பயன்படுத்தும் ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றுயிரின் முட்டை எங்கள் ஊரில் கிடைக்கும். தூத்துக்குடி உப்பளங்களிலேயே ஆர்ட்டீமியா வாழ்கிறது. ஒரு முட்டை 200 முதல் 300 மைக்ரான். 150 கண்ணியில் அது புகக்கூடாது. தையல் ஓட்டையில் புகும். வலையை நனைத்துக் கொக்கியில் தொங்கவிட்டு, அடியில் வெள்ளை வாளி வைத்து, ஒரு சிட்டிகை முட்டை கலந்த தண்ணீரைத் தையல் வரி முழுவதும் ஊற்றினோம். வாளியில் பழுப்புப் புள்ளி தெரிந்தால் கசிவு. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில், இரண்டு வரித் தையலும் சேருகிற இடத்தில் மட்டும் தெரிந்தது. அங்கே நிறமில்லாத சிலிகான் ஒரு சொட்டு. மறுபடி ஊற்றினால் வாளி சுத்தம். இந்தச் சோதனைக்குப் பிறகு வலையை நன்றாகக் கழுவுங்கள். எங்களுடைய முதல் கடல் மாதிரியிலும் ஆர்ட்டீமியா முட்டை இருந்தது. ஒரு மாணவி அதைப் புதிய உயிரி என்று படம் வரைந்துகொண்டிருந்தாள்.

தண்ணீரில்

இடம் பற்றி முதலில். தூத்துக்குடியிலிருந்து இராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே வலை போடக்கூடாது, பள்ளி வலையானாலும் சரி. நாங்கள் கரையோரத் துறைகளிலும், தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலிலும் மட்டும் எடுக்கிறோம். மீன்பிடித் துறைமுகத்துக்குள் வேண்டாம். டீசல் படலம் துணியில் ஏறினால் கண்ணி அடைத்துக்கொள்ளும், சோப்பு போட்டாலும் லேசில் போகாது.

முதலில் துறையின் விளிம்பில் நடந்துகொண்டே இழுத்தோம். நாடா வைத்து 50 மீட்டர் அளந்து சாக்பீஸ் கோடு. நடை மெதுவாக இருக்கவேண்டும், விநாடிக்கு முக்கால் மீட்டரைத் தாண்டாமல். 0.0707 சதுர மீட்டர் வாய், 50 மீட்டர் தூரம்: மூன்றரை கனமீட்டர். வேகம் கூடினால் வாய்க்கு முன்னால் தண்ணீர் புடைத்துக்கொண்டு வரும். அதைக் கண்ணால் பார்க்கலாம், பார்த்ததும் நடையைக் குறைக்கவேண்டும்.

வலை அடைக்கிறதா என்று அறிய எளிய வழி உண்டு. ஒரே இடத்தில் 25 மீட்டர் ஒரு முறை, 50 மீட்டர் ஒரு முறை இழுத்து இரண்டையும் எண்ணுங்கள். கனமீட்டருக்கு வரும் எண் இரண்டிலும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் நல்லது. நீள இழுவையில் எண் தெளிவாகக் குறைந்தால் பாதியிலேயே கண்ணி அடைத்துவிட்டது என்று பொருள். வாடைக்காற்று காலத்தில் கலங்கலோடு டயாட்டமும் சேர்ந்து வரும்போது எங்கள் வலைக்கு 50 மீட்டர் தாங்கவில்லை. அந்த மாதங்களில் 25-தான்.

புன்னைக்காயலில் ஒரு ஃபைபர் படகில் ஏறினோம். எஞ்சினை எவ்வளவு குறைத்தாலும் அது எங்கள் வலைக்கு வேகம் அதிகம். கயிறு விறைத்து வலை மேலே வந்து துள்ளியது.

"எஞ்சினை நிப்பாட்டிட்டு ஓட்டத்துல விட்டுருவமா டீச்சர்?" என்றார் படகுக்காரர்.

"ஓட்டத்தோட நாமளும் போனா வலைக்குள்ள தண்ணி எப்படி அண்ணே போகும்? வலையும் தண்ணியும் சேர்ந்துல்ல போகும்."

ஒரு நிமிடம் யோசித்தார். "அப்ப நங்கூரத்தப் போட்டுருவோம். தண்ணி தானா வந்து உள்ள ஏறட்டும்."

அன்றிலிருந்து முகத்துவாரத்தில் அதுதான் எங்கள் முறை. படகு நிற்கும், வற்றம் இறங்கும்போது ஆறு வலைக்குள் ஓடும். எங்கள் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் குறுகிய வாயில் ஓட்டம் நன்றாகவே இருக்கும். ஓட்டத்தின் வேகத்தை அளக்க ஊறிய தேங்காய் மட்டை ஒன்று போதும். காய்ந்த மட்டையைக் காற்று தள்ளிவிடும். ஊறியது தண்ணீரோடு அமிழ்ந்து போகும். 8 மீட்டர் நீளப் படகின் தலையிலிருந்து வால் வரை மட்டை 20 விநாடியில் போனால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர். வலையை 5 நிமிடம் பிடித்தால் 120 மீட்டர் தண்ணீர் உள்ளே போன கணக்கு, எட்டரை கனமீட்டர். ஓட்டமானி இருந்தால் இன்னும் துல்லியமாக வரும். அதன் விலைக்கு இன்னும் சில வலை தைத்துவிடலாம். துணியின் தடையால் உண்மையில் புகுந்த தண்ணீர் இதைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும். எல்லா மாதமும் ஒரே வலை, ஒரே முறை என்பதால் ஒப்பிடுவதற்குக் குறையில்லை.

வலையைத் தூக்கியதும் வெளிப்பக்கத்திலிருந்து தண்ணீர் ஊற்றி, துணியில் ஒட்டியவற்றைக் குப்பிக்கு இறக்கவேண்டும். உள்பக்கமாக ஊற்றினால் வலைக்குள் வராத தண்ணீரில் இருந்த உயிரிகளும் கணக்கில் சேர்ந்துவிடும்.

எண்ணுவது

பிளாங்டன் எண்ண செட்ஜ்விக்-ராஃப்டர் அறை என்ற கண்ணாடித் தட்டு உண்டு. 50 மில்லிமீட்டர் நீளம், 20 அகலம், 1 ஆழம். ஆகமொத்தம் ஒரு மி.லி. நாங்கள் வழக்கமான கண்ணாடிச் சில்லின் மேல், 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள இன்னொரு சில்லைக் கீற்றுகளாக அறுத்துச் சுற்றிலும் சுவர்போல் ஒட்டிவிட்டோம். கண்ணாடி வெட்டித் தந்தவர் படச் சட்டக் கடைக்காரர்.

மாதிரியை 200 மி.லி. ஆக்கி, மெதுவாகக் கலக்கி, சொட்டுக்குழாயால் ஒரு மி.லி. எடுத்து அறையில் விடவேண்டும். சொட்டுக்குழாயின் முனையை வெட்டி வாயை அகலப்படுத்துங்கள். குறுகிய முனையில் அம்புப்புழு புகாது. புகாதது கணக்கில் வராது. உதாரணத்துக்கு ஒரு மி.லி.யில் 38 கோப்பிபாட் என்றால் 200-க்கு 7,600. அதை மூன்றரையால் வகுத்தால் கனமீட்டருக்கு ஏறக்குறைய 2,170. ஒரே ஒரு மி.லி.யை நம்பாமல் ஐந்தை எண்ணிச் சராசரி எடுக்கிறோம். பிள்ளைகளுக்கு அலுப்புத் தட்டும் இடம் இதுதான். ஐந்தாவது அறையில் எண்கள் திடீரென்று மிக அழகாக ஒத்துப்போகத் தொடங்கினால் நான் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

கூடுமானவரை உயிரோடு பார்த்துவிட்டு அன்றே கடலில் விடுகிறோம். பாதுகாத்து வைக்கவேண்டியதை ஃபார்மலினில் போடும் வேலையை நான் மட்டும், வராந்தாவில், கையுறையோடு செய்கிறேன். கடையில் வரும் ஃபார்மலினில் ஃபார்மால்டிஹைடு 37 முதல் 40 விழுக்காடு. அதில் ஒரு பங்கும் கடல்நீர் ஒன்பது பங்கும் கலந்தால் சிலர் 10 விழுக்காடு என்பார்கள், சிலர் 4 என்பார்கள். இரண்டும் ஒரே கரைசல்தான். வெண்காரம் கொஞ்சம் சேர்க்காவிட்டால் அதிலுள்ள அமிலம் சங்கு, சிப்பிக் குஞ்சுகளின் சுண்ணாம்பு ஓட்டைக் கரைத்துவிடும். சில வாரம் கழித்துத் திறந்தால் ஓடில்லாத ஏதோ ஒன்று கிடக்கும்.

நாக்டிலூக்கா என்ற ஒளிரும் பிளாங்டனை உயிரோடுதான் பார்க்கவேண்டும், ஃபார்மலினில் அது சுருங்கி அடையாளம் இல்லாமல் போகும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்ததாக ஊரே படம் எடுத்ததே, அந்த உயிரிதான். அடுத்த மாதம் மன்னார் வளைகுடாவில் அது பெருகித் தண்ணீர் பச்சையாகி, மீன்கள் செத்து ஒதுங்கின. தனக்குள் பச்சை நிறப் பாசியை வைத்துக்கொண்டு வாழும் இதன் வகை இந்தக் கடல்களில் உண்டு. ஒற்றைச் செல்தான், ஆனால் சில 1 மில்லிமீட்டரையும் தாண்டும்; நல்ல வெளிச்சத்தில் குப்பியைத் தூக்கிப் பிடித்தால் வெறுங்கண்ணுக்குச் சவ்வரிசிப் பொடியாகத் தெரியும். மாதந்தோறும் எண்ணி வைத்திருந்தால் அது கூடத் தொடங்கும்போதே தெரியவேண்டும் என்பது என் எண்ணம். ஒரு பள்ளிக்கூடத்துக் கணக்கை யார் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.

பிள்ளைகளுக்குப் பிடித்தது நண்டின் ஸோயியா. தலையில் ஒரு கொம்பு, முதுகில் ஒரு முள், பெரிய கண். இதை நண்டு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. அந்தக் காலத்து அறிவியலாளர்களும் நம்பவில்லை. ஸோயியா என்ற தனி விலங்கு என்றே வகைப்படுத்தி வைத்திருந்தார்கள். அயர்லாந்தில் கார்க் துறைமுகத்தருகே இருந்த இராணுவ மருத்துவர் ஜான் வாகன் தாம்சன், துணிவலையை இழுத்துப் பிடித்தவற்றை வளர்த்துப் பார்த்து, அது நண்டின் குழந்தைப் பருவம் என்று 1828-இல் எழுதினார். பிளாங்டன் வலையை முதன்முதலில் பயன்படுத்தியவர்களில் அவரும் ஒருவர்.

முகத்துவாரத்தில் ஏற்றத்தில் எடுத்ததும் வற்றத்தில் எடுத்ததும் இரண்டு வேறு உலகம். ஏற்றத்தில் அம்புப்புழு, லூசிஃபர் என்ற கண்ணாடி இறால், உப்புத்தண்ணீர்க் கோப்பிபாட். வற்றத்தில் இலைச்சக்கை, கலங்கல், நடுநடுவே ஸோயியா கூட்டமாக. குஞ்சை வெளியே விடும் நண்டுகள் பல, இறங்கும் தண்ணீரைப் பார்த்துத்தான் விடும்.

பராமரிப்பும் அடுத்த வலையும்

துறைக்கால்களில் அப்பியிருக்கும் ஆளிகள் வலைக்கு எமன். ஒரு முறை உரசியதில் விரல் நீளத்துக்குக் கிழிந்தது. மேலே அதே துணியில் ஒட்டு வைத்துச் சுற்றிலும் சிலிகான் பூசினோம். ஊசிமுனை அளவு ஓட்டைக்கு நிறமில்லாத நகப்பூச்சு போதும். ஒட்டுப்போட்ட பரப்பு வடிகட்டும் பரப்பிலிருந்து கழியும் என்பதை மறக்காதீர்கள். பயன்படுத்தியதும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கவேண்டும். உப்பு காய்ந்தால் கண்ணிக்குள் படிகம் கட்டி, மடக்கும்போது இழையை அறுக்கும்.

இந்த வலையால் நுண்பிளாஸ்டிக் எண்ணலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். வலையே பாலியஸ்டர், அதிலிருந்து உதிரும் இழையும் கடலில் இருந்த இழையும் நுண்ணோக்கியில் ஒன்றுபோல்தான் இருக்கும். 2025 மே மாதம் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலிலிருந்து கேரளக் கரையிலும் கன்னியாகுமரிக் கரையிலும் ஒதுங்கியது போன்ற பிளாஸ்டிக் குருணை என்றால் பார்க்கலாம். அதற்கு இத்தனை நுட்பமான துணி தேவையில்லை, சல்லடை போதும்.

இப்போது படகுக்கார அண்ணன் ஒரு வேலை வைத்திருக்கிறார். இறால் குஞ்சு ஆற்றுக்குள் எப்போது ஏறுகிறது என்று இந்த வலையில் தெரியுமா என்று கேட்டார். வெள்ளை இறால், வரி இறால் எல்லாம் கடலில் முட்டையிடும். நாப்ளியஸ், புரோட்டோஸோயியா, மைசிஸ் என்று உருமாறி, சின்ன இறாலாகித்தான் முகத்துவாரத்தில் நுழையும். அந்த வயதில் அதற்கு நீந்தத் தெரியும், 30 செ.மீ. வாயைக் கண்டதும் விலகிவிடும். வாய் 50 செ.மீ. வேண்டும், கண்ணி பெரிதாக இருக்கலாம், இரவில் ஏற்றத்தில் பிடிக்கவேண்டும். கூம்பின் சாய்வு நீளம் 2 மீட்டர் என்று வைத்தால் கோணம் மறுபடியும் 45 பாகைதான். ஆனால் விசிறியின் அகலம் ஒன்றரை மீட்டரைத் தாண்டுகிறது. கடைத்துணியின் அகலம் 127 செ.மீ. ஆகவே இருபத்திரண்டரை பாகையில் இரண்டு துண்டு, ஜீன்ஸ் தையல் இரண்டு வரிசை. தையல்கார அண்ணாச்சியிடம் காகித மாதிரியைக் கொடுத்திருக்கிறேன். பொங்கல் துணி முடிந்ததும் எடுக்கிறேன் என்றிருக்கிறார்.